மலையக நீர்த்தேக்கத்தில் ஓடும் படகுக்கு எந்த வழிகாட்டி மென்பொருள்?

கடலுக்கென்று எழுதப்பட்ட வழிகாட்டி மென்பொருளைக் காசல்ரியிலோ மவுசாகலையிலோ திறந்தால் திரையில் தெரிவது பெரும்பாலும் வெறும் நீலம். கப்பல் போகும் கடலுக்கு நீரியல் அலுவலகங்கள் வரைபடம் போடுகின்றன. மின்சாரத்துக்காக மறித்த ஓயாவுக்கு யார் போடுவார்? அதோடு, கடலில் தண்ணீர் ஏறி இறங்குவதற்கு வற்றுப்பெருக்கு அட்டவணை உண்டு. இங்கே மின்நிலையம் எவ்வளவு எடுக்கிறது, தென்மேற்குப் பருவமழை எவ்வளவு கொட்டுகிறது என்பதுதான் அட்டவணை. ஓகஸ்டில் பத்து மீற்றர் ஆழத்தில் கிடந்த பாறை மார்ச்சில் புரொப்பெல்லரைப் பதம் பார்க்கும்.

மவுசாகலையில் தண்ணீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரிய, ஊரே திரண்டு வந்து பார்க்கும். படகோட்டிக்கு ஆபத்து அன்றைக்கு இல்லை. அதற்கு முந்தின வாரம், அதே சுவர்கள் தண்ணீருக்கு ஓரடி கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும்போது. கொத்மலையில் கடதொர விகாரை, விக்டோரியாவில் பழைய தெல்தெனிய நகரம் என்று இந்தக் கதை எல்லா இடத்திலும் உண்டு.

ஆகவே கீழே உள்ள மென்பொருள்களை இரண்டே கேள்விகளால் அளந்திருக்கிறோம். நாமே அளந்து செய்த வரைபடத்தை அது வம்பில்லாமல் ஏற்குமா? இன்றைய நீர்மட்டத்தை அதற்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா? வானிலைப் பாதை, கப்பல் அடையாள சமிக்ஞை, குறியாக்கிய கடல் வரைபடம் போன்ற வசதிகள் எல்லாம் இங்கே எடுபடாது. பாய்மரப் படகுக்குக் காற்றை வைத்துப் பாதை போடும் கியூடிவிஎல்எம் நல்ல மென்பொருள்தான். இங்கே அதற்கு வேலையில்லை. நுவரெலியா கிரகரி வாவியில் மிதிபடகு ஓட்டுபவருக்கும் இந்தக் கட்டுரை தேவையில்லை.

ஓப்பன்சிபிஎன்: வீட்டு மேசைக்கு முதலிடம்

இலவசம், திறந்த மூலம், ஜிபிஎல் உரிமம். சி பிளஸ் பிளஸ் மொழியில், டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் நூலகத்தின் மேல் எழுதப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். கேஏபி என்ற பட வரைபடம், எஸ்-57 என்ற திசையன் வரைபடம், 5.0 பதிப்பிலிருந்து வரைபடத் துண்டுகளை ஒன்றாக அடக்கும் எம்பிடைல்ஸ் கோப்பு எல்லாவற்றையும் படிக்கும். நமக்கு முக்கியம் கடைசியாகச் சொன்னது. வரைபடம் செய்யும் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் செய்ததை ஒரே கோப்பாக ஏற்றிவிடலாம்.

ஆழம் அளக்கும் வேலைக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஓப்பன்சிபிஎன் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் பயணத்தடத்தில் இடமும் நேரமும்தான் இருக்கும், ஆழம் இருக்காது. நாள் முழுக்க ஓடி அளந்துவிட்டு வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தால் வெறும் கோடுதான் மிஞ்சும். விடிஆர் என்ற செருகுநிரலைப் போட்டு, கருவிகள் அனுப்பும் மூல வாக்கியங்களை அப்படியே கோப்பில் பதிய வேண்டும். பிறகு ஒரு சிறு பைதன் நிரல் ஆர்எம்சி வாக்கியத்தின் இடத்தையும் டிபிடி (DPT) வாக்கியத்தின் ஆழத்தையும் நேரத்தை வைத்துக் கோத்துவிடும்.

படகில் ஓட்டும்போதுதான் இதன் குறை தெரியும். லெப்டொப் திரை வெயிலில் மங்கும், சாரலில் நனையும். பட்டியல்கள் சுட்டியை நினைத்துச் செய்தவை. ஈரக்கையோடு தொட்டு வேலை வாங்குவது எரிச்சல். நீர்மட்டத்தைப் பொறுத்தவரை, பட வரைபடத்தில் ஆழத்தைக் கூட்டிக் குறைக்க இதில் வழியே இல்லை. எஸ்-57 வரைபடம் என்றால் பாதுகாப்பு ஆழம் என்ற அமைப்பை ஏற்றி இறக்கி ஒப்பேற்றலாம். எஸ்-57 கோப்பை வீட்டில் செய்வது பெரிய பாடு என்பதால் அந்த வழியைச் சொல்லி ஆசை காட்ட மாட்டோம்.

அவ்நாவ்: படகில் ஓட்டுவதற்கு

அவ்நாவும் திறந்த மூலம்தான், அமைப்பு வேறு. ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றில் பைதன் சேவையகம் ஓடும். திரை அதற்குத் தேவையில்லை. அதன் வைஃபையில் சேர்ந்த எந்தப் போனிலும் டேப்லெட்டிலும் பிரவுசரைத் திறந்தால் வரைபடமும் படகின் இடமும் வரும். சுக்கானில் இருப்பவர் ஒரு போனில் பார்க்கலாம், முன்னால் தண்ணீரைப் பார்த்து நிற்கும் பையன் இன்னொரு போனில் பார்க்கலாம். கரையோரத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் படகுக்கும் சுற்றுலாப் படகுக்கும் இதுவே தோது. ஒரு போன் தண்ணீரில் விழுந்தால் அடுத்ததை எடுக்கலாம்.

எம்பிடைல்ஸை நேரடியாக ஏற்கும். வரைபடங்களைப் பட்டியலிலிருந்து மாற்ற நாலைந்து வினாடி போதும். நீர்மட்டத்துக்கு ஏற்ப வரைபடத்தை மாற்றப்போகும் நமக்கு இது பெரிய வசதி. ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்தால், பயனர் கோப்பில் பத்திருபது வரி எழுதி, நமக்கு வேண்டிய எண்ணைக் காட்டும் சிறு பெட்டியைத் திரையில் வைக்கலாம். ஓப்பன்சிபிஎன்னில் இதே வேலைக்குச் செருகுநிரல் எழுதி, தொகுத்து, பதிப்புப் பொருத்தம் பார்த்து அலைய வேண்டும்.

குறை போனின் பக்கம் இருக்கிறது. இணையமில்லாத வைஃபை என்று கண்டதும் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். வரைபடம் உறைந்து நிற்கும், ஆனால் படகின் குறி பழைய இடத்திலேயே தெரிவதால் உடனே பிடிபடாது. முதல் தடவை சேரும்போதே "இணையம் இல்லாவிட்டாலும் தொடர்க" என்பதைத் தெரிவு செய்யுங்கள். அது முடியாத போன் என்றால் படகில் இருக்கும்வரை டேட்டாவை அணைத்து வையுங்கள்.

சிக்னல் கே, சொந்தமாக எழுத நினைப்பவருக்கு

இது வரைபட மென்பொருள் அல்ல. படகின் தரவு எல்லாவற்றையும் ஒரே மொழியில் பரிமாறும் சேவையகம். நோட் ஜேஎஸ்ஸில் ஓடும், வழக்கமாக 3000 ஆம் போர்ட்டில் கேட்கும். ஃப்ரீபோர்ட் எஸ்கே என்ற வலைச்செயலியை அதன் மேல் ஏற்றினால் வரைபடமும் வந்துவிடும். அவ்நாவின் வரைபடத் திரை அளவுக்குப் பழகியது அல்ல என்பது எங்கள் கணிப்பு.

ஆனால் இதன் தரவு மாதிரி ஒழுங்கானது. ஆழத்துக்கு மட்டும் மூன்று தனி முகவரிகள் உண்டு: ஆழம் அளக்கும் உணரிக்குக் கீழே, படகின் அடிக்கட்டைக்குக் கீழே, நீர்ப்பரப்புக்குக் கீழே. மற்ற மென்பொருள்களில் இந்த மூன்றும் ஒரே "ஆழம்" என்று கலந்து, எது எதிலிருந்து என்று தெரியாமல் போவதுதான் பாதிப் பிழைகளுக்குக் காரணம். நீர்மட்டத்தை ஒரு முகவரியில் எழுதிவைத்து, நீர்ப்பரப்புக்குக் கீழான ஆழத்தை அதிலிருந்து கழித்து, அடிமண்ணின் மட்டத்தை வெளியிடும் செருகுநிரல் சில பத்து வரிகளில் முடியும். எல்லாம் எஸ்ஐ அலகில் வரும்: வேகம் வினாடிக்கு மீற்றரில், கோணம் ரேடியனில், வெப்பம் கெல்வினில். மாற்றாமல் காட்டினால் தண்ணீர் 293 பாகை என்று திரை சொல்லும்.

ஓப்பன்பிளாட்டர் இவற்றில் பலதையும் ஒன்றாகக் கட்டித் தரும் தொகுப்பு. ராஸ்பெரி பையில் ஓப்பன்சிபிஎன், சிக்னல் கே இரண்டையும் தனித்தனியாக நிறுவத் தயங்குபவர் இதில் தொடங்கலாம். எல்லாம் தானாக நடப்பதால், பழுது வந்தால் எது எதோடு பேசுகிறது என்று தேடிப்பிடிப்பது கடினம்.

மீன்தேடிக் கருவியும் போன் செயலியும்

கணினியே வேண்டாம் என்பவருக்கு நியாயமான மாற்று, தானே ஆழக்கோடு வரையும் மீன்தேடி. கார்மினின் குயிக்ட்ரோ, படகு ஓட ஓட ஓர் அடி இடைவெளியில் ஆழக்கோடுகளை வரைந்துகொண்டே போகும். ஹம்மின்பேர்ட், லோரன்ஸ் கருவிகளிலும் இதுபோன்ற வசதி உண்டு. குயிக்ட்ரோவில் பதிவு ஈடு, காட்சி ஈடு என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. முந்தின தடவை அளந்ததற்கும் இன்றைக்கும் நீர்மட்ட வித்தியாசம் எவ்வளவு என்று முதலாவதில் கொடுத்தால் பழைய அளவும் புதிய அளவும் பொருந்தும். இரண்டாவதில் கொடுத்தால் திரையில் தெரியும் ஆழம் இன்றைய தண்ணீருக்கு மாறும். நம் இரண்டாவது கேள்விக்கு நேர்ப் பதில் சொல்வது இந்தப் பட்டியலில் இந்த மீன்தேடி வகை ஒன்றுதான் என்பதை மறைப்பதற்கில்லை. ஒரே படகு, ஒரே ஓட்டி, ஒரே நீர்த்தேக்கம் என்றால் இதை வாங்கிவிட்டு மீதிக் கட்டுரையை விட்டுவிடலாம்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. வரைந்த படம் அந்த நிறுவனத்தின் கருவிக்குள்ளேயே கிடக்கும். கியூஜிஐஎஸ்ஸுக்கோ அவ்நாவுக்கோ எடுத்துப்போக முடியாது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் தரவை வேறு கருவிக்கு அனுப்பும் என்எம்இஏ வெளியீட்டு வயரும் இல்லை. கடைக்காரர் "எல்லாம் இருக்கு" என்றாலும் கையேட்டில் வயர் படத்தைப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

போனில் ஓஸ்மாண்ட் போன்ற பொதுச் செயலி, செலவில்லாத கடைசி வழி. சொந்த வரைபடத்தை மேலடுக்காக ஏற்றலாம், தடம் பதியலாம். ஒலியால் ஆழம் அளக்கும் எதிரொலிமானியை அதோடு இணைத்து ஓட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது, ஆழம் கண்ணுக்குத் தெரியாது. மூடுபனியில் இறங்குதுறையைக் கண்டுபிடித்து வரப் போதும். கட்டணக் கடல் வரைபடச் செயலிகளைப் பொறுத்தவரை ஒரே அறிவுரை: சந்தா கட்டுமுன் அவர்களின் இலவசப் பார்வைப் பக்கத்தில் உங்கள் நீர்த்தேக்கத்தைப் பெரிதாக்கி, உள்ளே ஒரு ஆழக்கோடாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வரைபடம் செய்வது

உண்மையான வேலை இங்கேதான். எந்த மென்பொருளைத் தெரிந்தாலும் இந்தப் பகுதி மாறாது.

முதலில் நீர்மட்டத்துக்கு ஒரு அடையாளம் வேண்டும். நிறைமட்டத்தைப் பூச்சியமாக வைத்து, தண்ணீர் அதிலிருந்து எத்தனை மீற்றர் இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் எழுதுவது எளிது. இதை இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். விக்டோரியாவின் நிறைமட்டம் கடல்மட்டத்திலிருந்து 438 மீற்றர், கொத்மலையினது 703 மீற்றர். அணையில் சொல்லும் மட்டத்தை அதிலிருந்து கழித்தால் இறக்கம் வந்துவிடும். தினமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்றால் இறங்குதுறைப் பாறையில் 10 சென்றிமீற்றர் இடைவெளியில் பெயின்ட் கோடு போட்டு, ஒரே ஒரு தடவை அணை மட்டத்தோடு ஒப்பிட்டு எண் எழுதிவிடுங்கள்.

கணக்கு இவ்வளவுதான். இறக்கம் 4.2 மீற்றராக இருக்கும் நாளில் எதிரொலிமானி 6.0 மீற்றர் காட்டினால், அந்த அடிமண் நிறைமட்டத்துக்கு 10.2 மீற்றர் கீழே. இறக்கம் 9.0 ஆகும் நாளில் அதே இடத்தில் 1.2 மீற்றர் தண்ணீர்தான் நிற்கும். கோப்பில் சேமிக்க வேண்டியது 10.2, ஒருபோதும் 6.0 அல்ல.

அந்த 6.0 நீர்ப்பரப்பிலிருந்தா, உணரியிலிருந்தா? டிபிடி வாக்கியத்தில் ஆழத்துக்கு அடுத்த எண் அதைச் சொல்லும். நேர் எண் என்றால் உணரியிலிருந்து நீர்ப்பரப்புக்கு உள்ள தூரம், எதிர் எண் என்றால் உணரியிலிருந்து அடிக்கட்டைக்கு. அது பூச்சியமாக வந்தால் கருவியில் யாரும் அமைக்கவில்லை என்று பொருள். டேப்பால் அளந்து நீங்களே கூட்டுங்கள்.

ஓட்டும் வேகம் மணிக்கு 5 கிலோமீற்றர் போதும். வினாடிக்கு ஒரு அளவு என்றால் ஏறத்தாழ ஒன்றரை மீற்றருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். கோடுகளைக் கரைக்குச் செங்குத்தாக ஓட்டுங்கள்: வழக்கமாகப் படகு போகும் பாதையில் 25 மீற்றர் இடைவெளி, மற்ற இடங்களில் 50. கடைசியில் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டி இரண்டு மூன்று கோடுகள். வெட்டும் இடங்களில் இரண்டு ஆழமும் 30 சென்றிமீற்றருக்குள் ஒத்துவந்தால் நம்பலாம். முழு நீர்த்தேக்கத்தையும் அளக்கும் ஆசை வேண்டாம். படகு ஓடும் பட்டையை ஒழுங்காக அளந்தாலே பெரிய காரியம்.

இங்கே வரும் பிழைகள் பெரும்பாலும் மூன்று வகை. ஜிபிஎஸ் கூரையின் பின்பக்கமும் உணரி வேறொரு மூலையிலும் இருந்தால் நாலு மீற்றர் தள்ளிப் பதியும். ஜிபிஎஸ்ஸை உணரிக்கு நேர் மேலே கட்டுங்கள். ஆழம் ஓரிரு வினாடி தாமதித்து வந்தாலும் அதே விளைவு. செங்குத்தான சரிவொன்றின் மேல் ஒரே கோட்டைப் போகவும் வரவும் ஓட்டிப்பாருங்கள். ஆழக்கோடு ரம்பப்பல் மாதிரி மடிந்தால் தாமதம் இருக்கிறது, பல்லின் நீளத்தில் பாதியை வேகத்தால் வகுத்தால் எத்தனை வினாடி என்று தெரியும். மூன்றாவது, கதிர் அகலம். 20 பாகைக் கூம்பு 30 மீற்றர் ஆழத்தில் பத்தரை மீற்றர் அகலத்துக்கு விரியும். மலைச்சரிவில் அந்த வட்டத்துக்குள் எது மேட்டில் இருக்கிறதோ அதன் எதிரொலிதான் முதலில் வரும், ஆகவே பழைய ஓயாவின் பள்ளம் வரைபடத்தில் தூர்ந்துபோனது போலத் தெரியும். ஓட்டிக்கு இது பாதகமில்லாத பிழை. ஒலிவேகப் பிழை எதிர்ப்பக்கம்: கருவி கடல்நீர்க் கணக்கில் வினாடிக்கு 1500 மீற்றர் என்று வைத்திருக்க, 20 பாகை நன்னீரில் அது 1482. கருவி 1.2 சதவீதம் கூட்டிச் சொல்லும். 30 மீற்றரில் 36 சென்றிமீற்றர், 3 மீற்றரில் 4 சென்றிமீற்றர்கூட இல்லை. தட்டும் ஆழத்தில் பொருட்படுத்தத் தேவையில்லை.

படகு போக முடியாத கரையோரத்தை வானத்திலிருந்து எடுக்கலாம். சென்டினல் 2 செய்மதிப் படங்கள் இலவசம். 10 மீற்றர் துல்லியம், 5 நாளுக்கொரு படம். பச்சைப் பட்டையையும் அண்மை அகச்சிவப்புப் பட்டையையும் கழித்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தண்ணீரும் நிலமும் பிரிந்துவிடும். அன்றைய இறக்கம் தெரிந்தால் அந்த நீர்விளிம்பே ஒரு ஆழக்கோடு. இறக்கம் 2, 5, 8, 12 என்று இருந்த நாட்களின் படங்களைத் தேடி எடுத்தால் நாலு கோடுகள் கையில். காசல்ரிப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், தண்ணீரும் இறங்கியிருக்கும். ஜூன், ஜூலையில் முகிலைத்தான் பார்க்கலாம், அப்போது ராடார் செய்மதியான சென்டினல் 1 கைகொடுக்கும்.

எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை நம்பி ஆழம் போடாதீர்கள். அது 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்தது. அப்போதே இந்த நீர்த்தேக்கங்களில் தண்ணீர் நின்றதால் ராடார் கண்டது நீர்ப்பரப்பை மட்டும். அணைகளுக்கு முந்திய நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குல வரைபடம் இதைவிடப் பயன். 100 அடி இடைவெளிச் சமவுயரக் கோடுகள்தான் என்றாலும் பழைய ஆற்றுப்பாதை, வீதி, பாலம் எல்லாம் அதில் இருக்கும். எங்கே நெருக்கி அளக்க வேண்டும் என்று சொல்லிவிடும். ஆனால் அது வேறு ஆதாரத்தில், அதாவது அகல, நெடுங்கோடுகளை எண்ணும் வேறு அடிப்படையில் வரைந்தது. கண்டவல ஆதாரம், எவரெஸ்ட் கோளவுரு. இலங்கை வரைபடக் கட்டத்தின் மூலப்புள்ளி நம் பீதுருதாலகால உச்சிதான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அந்த அகல, நெடுங்கோட்டை மாற்றாமல் ஜிபிஎஸ்ஸோடு சேர்த்தால் 200 மீற்றருக்கு மேல் கிழக்கு மேற்காக விலகும். கியூஜிஐஎஸ்ஸில் வரைபடத்தின் அகல, நெடுங்கோட்டு மூலைகளுக்கு அந்த ஆதாரத்தின் எண்ணான ஈபிஎஸ்ஜி 4244 கொடுத்து, பிறகு ஜிபிஎஸ்ஸின் ஆதாரமான டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றுங்கள். புதிய தாள்களின் எஸ்எல்டி 99 கட்டத்துக்கு எண் 5235.

புள்ளிகளையும் நீர்விளிம்புக் கோடுகளையும் சேர்த்து முக்கோண வலையாக இடைச்செருகி, 5 மீற்றர் கட்டமாக்குங்கள். பழைய ஆற்றுப்பாதையை உடைகோடாக, அதாவது சரிவு மாறும் கோடாக, கொடுக்காவிட்டால் ஒடுங்கிய பள்ளத்தின் குறுக்கே இல்லாத பாலம் ஒன்றை மென்பொருள் போட்டுவிடும்.

நீர்மட்டத்தை மென்பொருளுக்குச் சொல்ல முடியாத குறையை இந்த இடத்தில் சரிக்கட்டலாம். கட்டத்திலிருந்து இறக்கத்தைக் கழித்து, 0 முதல் 20 மீற்றர் வரை 2 மீற்றருக்கு ஒன்றாக 11 வரைபடங்கள் செய்யுங்கள். நிலம் மண்நிறம், 1.2 மீற்றருக்குக் குறைந்தது சிவப்பு, 3 வரை மஞ்சள், அதற்கு மேல் வெளிர்நீலம் போதும். நுணுக்கமான நிறப்படிகள் வெயிலில் ஒன்றாகிவிடும். காலையில் பெயின்ட் கோட்டைப் பார்த்து, இறக்கம் 5.1 என்றால் 6 என்ற கோப்பைத் திறக்க வேண்டும், 4 என்ற கோப்பை அல்ல. எப்போதும் தண்ணீர் குறைந்த பக்கம்.

எம்பிடைல்ஸாக வெளியிடும்போது பெரிதாக்க நிலை 12 முதல் 17 வரை போதும். 17இல் ஒரு புள்ளி 1.2 மீற்றர், 18க்குப் போனால் கோப்பு நாலு மடங்கு பெருக்கும், தெரிவதில் மாற்றமிருக்காது. வரைபடம் ஏற்றியும் ஒன்றும் தெரியவில்லையா? நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 7 பாகைக்கு நகர்த்திப் பாருங்கள், இந்து சமுத்திரத்தின் நடுவே உங்கள் காசல்ரி கிடக்கும். வரைபடத் துண்டுகளின் வரிசை எண் வடக்கிலிருந்தா தெற்கிலிருந்தா என்ற குழப்பம் அது. அவ்நாவில் அந்தக் கோப்பின் அமைப்பில் எக்ஸ்ஒய்இசட், டிஎம்எஸ் இரண்டையும் மாற்றிப் பார்த்தால் சரியாகும். ஊர்ப் பெயர்களைத் தமிழில் கியூஜிஐஎஸ்ஸிலேயே எழுதிவிடுங்கள், படத்தோடு பதிந்துவிடும். ராஸ்பெரி பையின் திரையில் தமிழ் எழுத்துக்குப் பதில் பெட்டிகள் வந்தால் லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவ வேண்டும்.

வயரும் மின்சாரமும்

எதிரொலிமானியின் என்எம்இஏ 0183 வயர் வழக்கமாக 4800 வேகத்தில் பேசும். யூபுளொக்ஸ் ஜிபிஎஸ் பலவும் 9600இல். வேகம் தவறினாலும் குப்பை எழுத்து வரும், இரண்டு வயரும் மாறினாலும் குப்பை எழுத்து வரும். முதலில் வேகத்தை மாற்றிப் பாருங்கள், பிறகு வயரை. அந்த வயரை ராஸ்பெரி பையின் ஊசிகளில் நேரே குத்தாதீர்கள். ஊசி தாங்குவது 3.3 வோல்ட். ஆர்எஸ் 422 யூஎஸ்பி மாற்றி ஒன்று இடையில் வேண்டும்.

ஒரே போர்ட்டை, ஜிபிஎஸ் தரவைப் பகிரும் சேவையான ஜிபிஎஸ்டியும் ஓப்பன்சிபிஎன்னும் திறந்தால் எழுத்துக்களை ஆளுக்குப் பாதி பிடுங்கிக்கொள்ளும். சரிபார்ப்புத் தொகை பிழைத்து வாக்கியங்கள் விழும், படகின் குறி விட்டு விட்டுத் துள்ளும். போர்ட்டுக்கு ஒரே சொந்தக்காரர், மற்றவை வலைவழி: ஜிபிஎஸ்டி என்றால் 2947, பொதுவான என்எம்இஏ என்றால் 10110. மறுதொடக்கத்தில் யூஎஸ்பி எண்கள் இடம் மாறுவதால் சாதனத்தை அதன் அடையாளப் பெயரால் கொடுங்கள். மலிவான சிஎச் 340 மாற்றிகள் இரண்டுக்கும் தனி வரிசையெண் இருக்காது. அப்போது செருகிய துளையின் பாதைப் பெயரால்.

மின்சாரத்தில்தான் ராஸ்பெரி பை அதிகம் சாகிறது. அவுட்போட் எஞ்சினை ஸ்டாட் செய்யும்போது 12 வோல்ட் பற்றரி 9 வரை இறங்கும். மட்டமான மாற்றி அதோடு விழும். பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் தரும் மாற்றி வேண்டும். 4.63க்குக் கீழே போனால் திரையில் மின்னல் குறி வரும். முடிந்தால் எஞ்சினுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று தனிப் பற்றரி. எல்லாம் நிறுவி முடிந்ததும் மெமரி காட்டை வாசிப்பு மட்டும் என்ற நிலைக்கு மாற்றி, பதிவுகளை யூஎஸ்பி துண்டில் எழுதுங்கள். திடீரென்று வயரைப் பிடுங்கினாலும் காட் பிழைக்கும். ஹட்டன் பக்கத்துக் குளிரில் முழுக்க அடைத்த பெட்டிக்குள் இரவில் நீர்த்துளி கோத்துக்கொள்ளும். அடிப்பக்கம் ஒரு சிறு துளை, உள்ளே சிலிக்கா ஜெல் பை.

பை 4இல் கடிகாரப் பற்றரி இல்லை. இணையமில்லாமல் எழுந்தால் கடைசியாக அணைத்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். நேரத்தைச் சரிசெய்யும் குரோனியை ஜிபிஎஸ்டியோடு இணைத்து நேரத்தைச் செய்மதியிலிருந்து எடுங்கள். ஆழப் பதிவு உலக நேரத்தில் இருக்கும், பெயின்ட் கோட்டைப் பார்த்து எழுதிய நோட்டு நம் நேரத்தில்; ஐந்தரை மணி வித்தியாசத்தைக் கழிக்க மறந்தால், மின்நிலையம் ஓடிய நாளில் மட்டமே பிசகும்.

மூலத்திலிருந்து கட்டலாமா?

அவ்நாவையும் சிக்னல் கேயையும் தொகுக்கத் தேவையே இல்லை. ஓப்பன்சிபிஎன்னையும் டெபியன் களஞ்சியத்திலிருந்தோ ஃபிளாட்பேக்காகவோ நிறுவிவிடலாம். சொந்தச் செருகுநிரல் எழுதுபவர் மட்டும் மூலத்தைத் தொட வேண்டும். கிட் வழியாக மூலத்தை எடுத்து, உள்ளே தனி அடைவு ஒன்றை உண்டாக்கி, அதிலிருந்து சிமேக்கை ஓட்டி, பிறகு மேக். சிமேக் நிற்கும் இடம் பெரும்பாலும் டபிள்யூஎக்ஸ் மேம்பாட்டுப் பொதி, பதிப்பு 3.2 இருக்கிறதா என்று பாருங்கள். 1 ஜிபி நினைவகமுள்ள பையில் நாலு வேலைகளை ஒன்றாக ஓடவிட்டால் இடையில் தொகுப்பான் "கொல்லப்பட்டது" என்று நிற்கும். நிரலில் பிழை தேடவேண்டாம், நினைவகம் தீர்ந்திருக்கிறது. ஒரே வேலையாக ஓட்டி, 2 ஜிபி இடமாற்றுக் கோப்பு கொடுங்கள், அல்லது லெப்டொப்பில் தொகுங்கள். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று கிட் மறுத்தால் அதுவும் நிரல் பிழை அல்ல, மேலே சொன்ன கடிகாரம். பழைய செருகுநிரலொன்று பட்டியலில் தெரிந்தும் ஏற மறுத்தால், அது டபிள்யூஎக்ஸ் 3.0 பதிப்பின் மேல் கட்டப்பட்டதாக இருக்கும். மறுபடி தொகுப்பதைத் தவிர வழியில்லை.

எதை எடுப்பது

அளப்பதற்கும் வரைபடம் சரிபார்ப்பதற்கும் லெப்டொப்பில் ஓப்பன்சிபிஎன். ஆட்களை ஏற்றும் படகில், அல்லது ஒரே வரைபடத்தை இரண்டு மூன்று படகுகள் பகிரும் இடத்தில், பை ஒன்றில் அவ்நாவ். இரண்டும் ஒரே எம்பிடைல்ஸ் கோப்புகளைப் படிப்பதால் ஒரு தடவை செய்த உழைப்பு இரண்டுக்கும் போகும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவர் கூட்டத்தில் இருந்தால் கீழே சிக்னல் கேயை வைத்து, நீர்மட்டத்தை அதில் பதியலாம். தனி மீனவருக்குக் குயிக்ட்ரோ.

எதை எடுத்தாலும், பாறை, மரக்குற்றி, மூழ்கிய சுவர் ஆகியவற்றைப் புள்ளியாகப் போட்டு, அதன் உச்சி நிறைமட்டத்துக்கு எத்தனை மீற்றர் கீழே என்பதையே பெயராக வையுங்கள். "பாறை 7" என்றால், எஞ்சின் 0.7 மீற்றர் ஆழம் இறங்கும் படகுக்கு அரை மீற்றர் இடைவெளியும் சேர்த்து, இறக்கம் 5.8ஐத் தாண்டிய நாளிலிருந்து அந்தப் பக்கம் போகக்கூடாது. 7ஐத் தாண்டினால் கண்ணுக்கே தெரியும். அணை, நீர் உள்வாங்கும் வாய், வான்கதவு இருக்கும் பகுதிகளைச் சிவப்பு நிறத்தால் மூடிவிடுங்கள். அங்கே படகு போக அனுமதியும் இல்லை, ஆழம் தெரிந்து ஆவதும் ஒன்றுமில்லை. மீன்வலைகள் எந்த வரைபடத்திலும் வராது.

ஓயா வந்து கலக்கும் வாய்களில் தேயிலை மலைகளிலிருந்து அடித்து வரும் மண் படியும், மண்சரிவு நடந்த வருடத்தில் இன்னும் அதிகம். அந்த இடங்களை மட்டும் ஒவ்வொரு தென்மேற்குப் பருவம் முடிந்ததும், தண்ணீர் நிறைந்திருக்கும் ஒக்டோபரில், மீண்டும் அளந்து 11 கோப்புகளையும் புதிதாக வெளியிடுங்கள். கோப்பின் பெயரிலேயே ஆண்டையும் மாதத்தையும் போட்டு, பழையதைப் போன்களிலிருந்து அழித்துவிடுங்கள்.